கல்லை எடுத்த வேன்

தொழிற்சாலையில் அவளுக்குத் தேன்கூடு என்று பேர். இனிக்க இனிக்கப் பேசுவாள் என்று நினைத்துவிட வேண்டாம். வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அவள் நாளெல்லாம் கையில் பிடித்துக்கொண்டிருந்த பொருளால் வந்த பேர் அது.

வண்டிப் புகையில் இருக்கிற விஷத்தை முறிப்பதற்குப் புகைக்குழாயின் நடுவில் ஒரு தகர டப்பா வைத்திருப்பார்கள். அந்த டப்பாவுக்குள் பீங்கான் கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேர்நேராக ஓட்டைகள். எண்ண ஆரம்பித்தால் கண் பூத்துப்போகும். பார்க்க அசல் தேன்கூடு. ஆனால் தொழிற்சாலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே அதற்குப் பேர் கல்.

கல் வரும்போது வெறும் கல்தான். அதைக் கூழில் முக்கி எடுத்து, காற்றடித்து மிச்சக் கூழை வெளியே தள்ளி, சூளையில் சுட வேண்டும். சுட்டு வந்தால் ஒவ்வொரு ஓட்டையின் சுவரிலும் மெல்லிசாக ஒரு பூச்சு பிடித்திருக்கும். முக்குவதும் காற்றடிப்பதும் இவள் வேலை. பிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். அடைத்த ஓட்டை கறுப்பாகத் தெரியும். ஊசி வைத்துக் குத்திவிடுவாள்.

அடுத்த மேசையில் எடை போடுகிறவள். அவளுக்குத் தராசு என்று பேர். முக்குவதற்கு முன்னால் ஒரு எடை, முக்கின பிறகு ஒரு எடை. பூச்சு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஈவு இரக்கம் கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவாள்.

"என்னடி இது, இவ்வளவு குண்டா இருக்கு?"

"காத்தடிக்கிற மெஷினுக்கு மூச்சு வாங்குது. நான் என்ன பண்றது?"

"ஏன், அதுக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?"

சேர்ந்து சாப்பிடுவார்கள். ஷிப்ட் வேனில் கடைசி சீட்டில் சேர்ந்து உட்காருவார்கள். வீட்டு விஷயம், மாமியார் விஷயம், உடம்பு விஷயம் எல்லாம் அந்தக் கடைசி சீட்டில்தான் அலசிப் பிழியப்படும். முன்னால் இருக்கிற பெண்கள், "பின்னாடி கோர்ட்டு கூடிடுச்சு" என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் எல்லோரையும் உட்காரவைத்து அந்தப் பூச்சைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர். ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பூச்சு பார்க்க வழவழன்னு இருக்கு. ஆனா இது முழுக்கக் குழி. கண்ணுக்குத் தெரியாத குழி, அந்தக் குழிக்குள்ள இன்னும் குழி. எல்லாத்தையும் பிரிச்சு விரிச்சோம்னா, இந்த ஒரு கல்லை வெச்சு ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தையே மூடிடலாம். புகை இந்தக் குழிக்குள்ள எல்லாம் பூந்து, சுவரைத் தொட்டுட்டு வர்றப்போ அதோட விஷம் முறிஞ்சிடுது" என்றார்.

அவளுக்கு மெய்சிலிர்த்துப்போனது. கையடக்கக் கல்லுக்குள் ஒரு மைதானமா? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கணவனிடம் சொன்னாள். கல்யாணமான புதிது. எதைப் பார்த்தாலும் அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்த காலம்.

அவனுக்குப் பட்டறைத் தெருவில் புகைக்குழாய்க் கடை. ஓட்டை விழுந்த சைலன்சரை ஒட்டவைப்பது, துருப்பிடித்த குழாயை மாற்றுவது. தெருவில் அவனுக்குச் சைலன்சர் என்றே பேர். "வீட்டுக்காரர் வீட்டிலயும் சைலன்ஸ்தானா?" என்று தராசு கேலி பண்ணுவாள். உண்மைதான், அவன் அதிகம் பேசமாட்டான். ஆனால் காது கொடுத்துக் கேட்பான். அதுதான் இவளுக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கும் கேட்டான். "அந்தக் கூழ்ல என்ன போடுவாங்க?"

"பிளாட்டினம், அப்புறம் அதே மாதிரி ஒண்ணு ரெண்டு உலோகம். கொஞ்சூண்டுதான். ஆனா சில சமயம் தங்கத்தையே தூக்கிச் சாப்பிட்டுடுமாம், அவ்வளவு விலை. அதனாலதான் வெளிய போறப்போ எங்க பையையெல்லாம் திறந்து பார்த்துட்டு விடறாங்க."

"ஓகோ" என்றான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான்.

வருஷங்கள் ஓடின. பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்து, இவர்களும் அழுது ஓய்ந்து, இரண்டு பேராக ஒரு மாதிரி பழகிப்போனார்கள். இதற்கிடையில் அவன் கடையில் ஈயாடத் தொடங்கியது. புது வண்டிகளின் குழாய் லேசில் துருப்பிடிப்பதில்லை. துருப்பிடிக்காத குழாய்க்கு ஒட்டுப்போடுகிறவன் எதற்கு? வெல்டிங் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது.

பிறகு திடீரென்று கடை களைகட்டியது. வாசலில் வேன்களும் டாக்சிகளும் வரிசையில் நின்றன. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். ஃபிரிட்ஜ் வாங்கிப்போட்டான். அவளுக்கு, கேட்காமலே, ஒரு ஜோடி கம்மல்.

"என்ன திடீர்னு இவ்வளவு கூட்டம்?"

"வண்டி இழுக்கமாட்டேங்குதுன்னு வர்றாங்க. அடைப்பு எடுத்து விடறேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது தோண்டித் துருவுகிற புத்தி அவளுக்கு இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது.

ஷிப்ட் வேன் ஓட்டுகிற டிரைவர்கூட ஒரு நாள் அவள் ஏறும்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அக்கா, உங்க வீட்டுக்காரர் கை வெச்சதும் வண்டி பறக்குதுக்கா. மேட்டுல எல்லாம் முனகாம ஏறுது."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. தராசைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் இருவருக்கும் சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை. காலையிலிருந்து தராசு கல்லைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். இவளுக்குத் தலைவலி. "நீ வேணும்னே பண்ற மாதிரி இருக்குடி" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். தராசு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மதியம் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் வேனில் ஏறியபோது தராசு கடைசி சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். சமாதானக் கொடிதான் அது. இவள் பார்த்தும் பார்க்காதவள் போல முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மழை ஊற்றித் தள்ளியது. பாதி வழியில் சாலையில் தண்ணீர் நின்று வண்டிகள் தேங்கிவிட்டன. பின்னால் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். ஏசி ஓட வேண்டும் என்று டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. வைப்பர் கெட்டுப்போயிருந்ததால் அவன் தன் பக்கத்து ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டித் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சாரல் அவள் மேலும் அடித்தது. புடவை நனைகிறதே என்று அவனைத் திட்டினாள். அவர்கள் இருவரையும் காப்பாற்றியது அந்தத் திறந்த ஜன்னல்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

பின்னால் முதலில் வழக்கமான சத்தம். யாரோ தலையை வலிக்கிறது என்றாள். இன்னொருத்தி குமட்டுகிறது என்றாள். பிறகு பேச்சு அடங்கிவிட்டது. வேலை செய்த அலுப்பு, மழைக் குளிர், தூங்குகிறார்கள் என்று இவள் நினைத்தாள். தராசு இந்நேரம் ஏதாவது குத்திப் பேசியிருக்க வேண்டுமே, பேசவில்லையே என்றுகூடத் தோன்றியது. இன்னும் கோபம் போலிருக்கிறது என்று தானும் திரும்பாமல் இருந்தாள்.

ஒரு வழியாக வண்டி நகர்ந்து முதல் நிறுத்தத்துக்கு வந்தது. இறங்க வேண்டியவள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். இவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். ஒருத்தி வாந்தி எடுத்த வாயைத் துடைக்காமல் இருந்தாள். கடைசி சீட்டில் தராசு பையைக் கட்டிக்கொண்டு, தலை தொங்கி, வாய் கோணிக் கிடந்தாள்.

"கதவைத் திறடா! எல்லாக் கதவையும் திறடா!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "அடைச்ச ரூம்ல ஏதாவது அடுப்பு எரிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். வேன்ல வந்தோம்."

"அப்ப வேன் புகைதான். அதுல இருக்கிற இந்த விஷத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும்."

முகமூடி வைத்துப் பிராணவாயு கொடுத்ததில் மற்ற பெண்கள் மறுநாளே தேறி எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். தராசு கண்விழிக்கச் சில நாள் ஆயிற்று. விழித்ததும் எல்லோரையும் அடையாளம் கண்டாள். இவளைப் பார்த்து, "உன் மூஞ்சிய முதல்ல பார்க்கணும்னு என் தலையெழுத்து" என்றாள். தையல்கடை வைத்திருக்கிற அவள் புருஷன் அழுதுகொண்டே சிரித்தார். இவளும் அழுதாள், சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

இதற்குள் தொழிற்சாலை முற்றத்தில் வேனைத் தூக்கி நிறுத்தி வண்டிப் பரிசோதகர் ஒருவர் அடியில் குனிந்து பார்த்தார். வேலை நேரத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பின் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு நேர் கீழே புகைக்குழாயில், அந்த டப்பா இருக்கிற இடத்தில், ஒட்டுப்போட்ட ஓரம் விரிந்திருந்தது. பரிசோதகர் ஸ்பானரால் டப்பாவைத் தட்டினார். காலிப் பாத்திரத்தைத் தட்டின சத்தம்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே. கல்லை வெட்டி எடுத்துட்டு வெறும் டப்பாவை மூடி ஒட்டியிருக்காங்க. அது இருந்திருந்தா கசிஞ்சாலும் இவ்வளவு விஷம் இருந்திருக்காது."

சூப்பர்வைசர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நம்ம வேன்லயேவா?"

"நான் வாங்கறப்பவே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றான் டிரைவர். சொல்லிவிட்டு ஒரே ஒரு தரம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி பறந்தது, வரிசையில் நின்ற வேன்கள், ஃபிரிட்ஜ், காதில் கிடக்கிற கம்மல், எல்லாம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனாள். அவன் ஒரு டாக்சிக்கு அடியில் படுத்திருந்தான். கால்தான் தெரிந்தது. அவனைக் கூப்பிடாமல் கடையின் பின்பக்கம் போனாள். சாக்கு மூட்டைகள். ஒன்றை அவிழ்த்தாள். கற்கள். புகையேறிப் பழுப்பான கற்கள், உடைந்தது, முழுசு, எல்லாம் கலந்து. எந்தத் தொழிற்சாலைக் கல் என்று யார் கண்டது. ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு ஓட்டைகூட அடைத்திருக்கவில்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"அடைப்பு எடுக்கிறேன்னு சொன்னீங்க."

"அவங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் புரியும்."

"இது எதுக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லித்தானே தெரியும்."

 அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"பழைய இரும்புக் கடைக்காரன் வந்து கேட்டான். இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்டான். நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, பேரம் பேசினேன். இந்தத் தெருவில எல்லாரும்தான் எடுக்கிறாங்க. நான் மாட்டேன்னா வண்டி அடுத்த கடைக்குப் போகும்."

"அவ செத்திருப்பா."

"தரையில ஓட்டை விழுந்தது அவன் வண்டியில. அதுக்கு நானா பொறுப்பு? ஒட்டு விரிஞ்சது... அன்னைக்குக் கூட்டம், அவசரத்துல போட்டேன். சரி, தப்புதான். அவதான் பிழைச்சுட்டாள்ல?"

பிழைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவள் வாயை மூடிக்கொண்டாள். கம்மலைக் கழற்றி அலமாரியில் போட்டாள். அவனிடம் பேச்சை நிறுத்தினாள். அவ்வளவுதான் செய்தாள். வேலை விட்டதும் தராசின் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவைத்தாள், தலைவாரிவிட்டாள். "உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்குமாம்மா" என்று தையற்காரர் கையெடுத்துக் கும்பிட்டபோது அவளுக்கு உள்ளே யாரோ கூழைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது.

தராசு வேலைக்குத் திரும்பினாள். எல்லோரும் கைதட்டினார்கள். மேசையில் உட்கார்ந்தாள். முதல் கல்லை எடுத்துத் தராசில் வைத்தாள். வைத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் தெரிகிறது. அந்த எண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை. கல்லை எடுத்தாள், திரும்ப வைத்தாள். வேர்த்துக்கொட்டியது.

"என்னடி?" என்றாள் இவள்.

"ஒண்ணுமில்ல. இதுக்கு அப்புறம் என்னடி பண்ணணும்?"

விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தாள். தராசின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரங்களில் அந்த மறதி வேகமாக முற்றியது. வீட்டு வழி மறந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். நடை தள்ளாடியது. இந்த விஷம் சிலருக்கு முதலில் விட்டுவிட்டுப் பிறகு மூளையைப் பிடிக்கும் என்றார் டாக்டர். கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். தொழிற்சாலை கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

அன்றைக்கே தேன்கூடு ஒரு சாக்கு மூட்டையைக் கடையிலிருந்து இழுத்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர்களுக்கு அது என்ன என்றே புரியவில்லை. "உடைஞ்ச ஓட்டைக் கல்லைக் கொண்டாந்து புருஷன் மேல புகார் குடுக்கிறியா? வீட்ல சண்டையாம்மா?" என்றார் ஒரு ஏட்டு. அவள் முதலிலிருந்து சொன்னாள். திரும்பச் சொன்னாள். வண்டிப் பரிசோதகரைக் கூப்பிட்டு அவர் வந்து சொன்ன பிறகுதான் எழுதிக்கொண்டார்கள்.

கடைக்குச் சீல் வைத்தார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டறைத் தெரு முழுக்க ஒரு வாரம் கல் எடுக்கிற வேலையை நிறுத்திவிட்டு அவளைச் சபித்தது. "கட்டினவனையே காட்டிக் குடுத்தவ" என்று பேர் மாறிற்று. அவள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

தயாராக இல்லாதது தையற்காரர் வீட்டு வாசலில் நடந்ததற்கு. அவரே அவளுக்குத் துணையாக நிற்பார் என்று நினைத்துப் போயிருந்தாள். அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வேனைத் தூக்கி நிறுத்தினாங்களே, அன்னைக்கு."

"அதுக்கு அப்புறம்தானே தினமும் வந்தே?"

"ஆமா."

"சமைச்சுப் போட்டது, தலைவாரிவிட்டது எல்லாம் அதுக்குத்தானா?"

"இல்லண்ணே. அவ என்..."

"நான் உன்னைக் கும்பிட்டேன்மா. அன்னைக்காவது வாயைத் திறந்திருக்கலாம்ல?" அவர் கதவை மெதுவாகத்தான் சாத்தினார். உள்ளேயிருந்து தராசின் குரல், "யாருங்க வந்திருக்கிறது?" என்று கேட்டது. "யாருமில்ல" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். பக்கத்து அறைக்காரி, இவள் கதையைக் கேட்டறிந்த பிறகு, தண்ணீர்க் குழாயடியில் வழிவிட்டு நின்றாளே தவிர பேசவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. டிரைவர் கோர்ட்டில் ஏறி, வண்டியை யார் வேலை பார்த்தார்கள் என்று ஞாபகமில்லை என்றான். ஒட்டு அவள் கணவன் போட்டதுதான் என்பதற்கு இவள் வார்த்தையைத் தவிர வேறு ஒன்றுமில்லை. சாக்கில் இருந்த கற்கள் எந்த வண்டியிலிருந்து வந்தவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தராசைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவள் புருஷனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அனுமதியில்லாமல் பழைய பொருள் வைத்திருந்ததாக அபராதம் விதித்து விட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே அவன் ஜாமீனில் வந்து அடுத்த தெருவில் தம்பி பேரில் கடை போட்டிருந்தான்.

தீர்ப்பு அன்று கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் வெளியே வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றான். சட்டையில் வெல்டிங் பொறி பட்ட ஓட்டைகள். அதைத் தைக்க ஆளில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"இன்னும் அங்கதான் வேலைக்குப் போறியா?"

"ஆமா."

"அதே வேலைதானா, முக்கறதும் ஊதறதும்?"

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாச் செய்" என்றான். கிண்டலாகக்கூட இல்லை, தொழில் விஷயம் பேசுகிற மாதிரி. "நீங்க செஞ்சு போட்டுக்கிட்டே இருந்தாத்தான் நாங்க எடுத்துக்கிட்டே இருக்க முடியும்."

வெளியே அவனுக்காக ஒரு டாக்சி காத்திருந்தது. ஏறிப் போனான். தையற்காரர் தராசின் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தார். இவள் எழுந்து உதவப் போகவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பெஞ்சிலேயே இருந்தாள். மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போனாள். எடை போடுகிற மேசையில் புதிதாக ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். நல்ல பெண்தான், எதைக் கொடுத்தாலும் சரியென்று எடுத்துக்கொள்வாள்.